கம்பெனியில சீட்டு போடுறாங்க, சேரலாமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய 2 கேள்விகள்

போன வாரம் போட்ட ஆர்டி வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் ஒரே மாதிரி கேள்வி கேட்டிருந்தீங்க. சுருக்கமா சொன்னா இதுதான்: "அண்ணா, நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிறேன், பொன்னேரியில ரூம். எங்க ஷிஃப்ட்ல 20 பேர் சேர்ந்து மாசம் 5,000 சீட்டு ஆரம்பிக்கிறாங்க. எல்லாரும் நல்ல பசங்கதான். சேரலாமா?"

ஒரே வரியில சேரு, சேராதேன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அடுத்த வருஷம் வேற கம்பெனி, வேற குரூப், வேற சீட்டு வரும். அப்போ நீங்களே முடிவெடுக்கணும் இல்லையா? அதனால இன்னைக்கு கொஞ்சம் ஆழமாப் போவோம். கணக்கும் உயிரியலும் கலந்த ஒரு துறை இருக்கு. பரிணாம ஆட்டக் கோட்பாடுன்னு பேரு. பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. அதுல வர்ற விஷயம் எல்லாம் நம்ம ஷிஃப்ட்லயும் ரூம்லயும் தினமும் நடக்கிறதுதான்.

முதல்ல என் கதை

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல இதே மாதிரி ஒரு சீட்டுல சேர்ந்தேன். 15 பேர், மாசம் 3,000 ரூபாய், குலுக்கல் சீட்டு. மொத்தம் 45,000. எனக்குக் கடைசிப் பக்கமா வந்தா நல்லதுன்னு நினைச்சேன், தங்கச்சி கல்யாணத்துக்கு ஆகும்னு. நினைச்ச மாதிரியே என் பேர் வரவும் இல்லை.

ரெண்டாவது மாசம் எடுத்தவர் அஞ்சாவது மாசம் வேற கம்பெனிக்குப் போயிட்டார். நாலாவது மாசம் எடுத்தவர் ஊருக்குப் போறேன்னு போனவர் திரும்பவே இல்லை. சீட்டு பிடிச்சவர் தன் கைக்காசைப் போட்டு ரெண்டு மூணு மாசம் ஓட்டினார். ஒன்பதாவது மாசம் சீட்டு உடைஞ்சது. நான் கட்டியிருந்தது 27,000. திரும்பி வந்தது 9,000. மீதி 18,000 போச்சு.

இதுல நான் சொல்ல வர்றது வேற. அந்த ரெண்டு பேருமே கெட்டவங்க இல்லை. ஒருத்தர் எனக்கு உடம்பு சரியில்லாதப்போ ராத்திரி ஷிஃப்ட் மாத்திக் கொடுத்தவர். சீட்டு பிடிச்சவரும் யோக்கியமானவர். அப்புறம் ஏன் உடைஞ்சது? "மனுஷன் சரியில்லை"ன்னு சொல்லி முடிச்சுட்டா அடுத்த தடவையும் நாம இதே தப்பைத்தான் பண்ணுவோம். ஏன்னா அடுத்த குரூப்லயும் எல்லாரும் நல்ல பசங்களாத்தான் தெரிவாங்க.

சீட்டுக்குள்ள இருக்கிற சபலம்

20 பேர், மாசம் 5,000, 20 மாசம். ஒவ்வொரு மாசமும் ஒருத்தருக்கு 1 லட்சம். புரியுறதுக்காக ஏலம், தள்ளு எல்லாத்தையும் விட்டுட்டு வெறும் குலுக்கல் சீட்டாவே எடுத்துக்குவோம்.

முதல் மாசம் எடுக்கிறவர் கட்டியிருப்பது 5,000. கையில வாங்கினது 1 லட்சம். இன்னும் கட்ட வேண்டியது 95,000. பத்தாவது மாசம் எடுக்கிறவர் 50,000 கட்டிட்டு 1 லட்சம் வாங்குறார், பாக்கி 50,000. இருபதாவது மாசம் எடுக்கிறவருக்குப் பாக்கியே கிடையாது. அவர் ஓடிப் போறதுக்குக் காரணமே இல்லை. ஆனா 19 மாசம் மத்தவங்களை நம்பிக் காத்திருந்தவர் அவர்தான்.

ஆக, சீட்டு எடுத்தவங்க எல்லாருக்கும் ஒவ்வொரு மாசமும் ஒரு கேள்வி வருது: இன்னும் கட்டணுமா, நிறுத்திடலாமா? நிறுத்தினா அவருக்கு அந்த மாசம் 5,000 லாபம். எல்லாரும் அப்படி நினைச்சா சீட்டே இல்லை, எல்லாருக்கும் நஷ்டம். தனித்தனியாப் பார்த்தா ஏமாத்துறது லாபம், சேர்ந்து பார்த்தா ஒத்துழைக்கிறது லாபம். ஆட்டக் கோட்பாட்டுல இந்தச் சிக்கலுக்குக் கைதியின் குழப்பம்னு பேரு.

அப்போ உலகத்துல எந்தச் சீட்டுமே நடக்கக் கூடாதே? ஆனா நடக்குதே! உங்க அம்மா தெருவுல 15 வருஷமா ஒரு அக்காகிட்ட சீட்டு போட்டிருப்பாங்க, ஒரு ரூபாய் போயிருக்காது. எப்படி?

கேள்வி 1: மறுபடி சந்திப்போமா?

1980 வாக்கில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஆக்சல்ராட்னு ஒரு அரசியல் அறிவியல் பேராசிரியர் ஒரு போட்டி வைத்தார். கைதியின் குழப்பத்தை ஒரே எதிராளியோட திரும்பத் திரும்ப ஆடணும். அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி அனுப்புங்கன்னு நிபுணர்களைக் கேட்டார். முதல் சுற்றுக்கு 14 புரோகிராம் வந்தது. ஜெயிச்சது இருக்கிறதிலேயே சின்னது. அனடோல் ராபோபோர்ட் அனுப்பினது. அதோட விதி ரெண்டே வரி: முதல் ஆட்டத்தில் ஒத்துழை. அதுக்கப்புறம் எதிராளி போன தடவை என்ன செஞ்சாரோ அதையே நீ செய். ரெண்டாவது சுற்றில் 62 பேர் அனுப்பினாங்க. அதிலும் இதுவேதான் ஜெயிச்சது.

ஆனா இது ஜெயிக்க ஒரு நிபந்தனை இருக்கு. அதே ஆளோட மறுபடி ஆடுவோம் என்ற வாய்ப்பு போதுமான அளவு இருக்கணும். இதுதான் கடைசி ஆட்டம்னு தெரிஞ்சா, பழிக்குப் பழி பயமே இல்லை. பின்னாடி மார்ட்டின் நோவாக் என்ற கணித உயிரியலாளர் 2006-ல இதைச் சுருக்கி ஒரு வாய்ப்பாடா எழுதினார். அதாவது, மறுபடி சந்திக்கும் வாய்ப்பு, உதவி செய்ய ஆகும் செலவை அதனால் மத்தவருக்குக் கிடைக்கும் பலனால் வகுத்தால் வரும் எண்ணை விடப் பெரிசா இருக்கணும். அப்போதான் ஒத்துழைப்பு நிற்கும்.

நம்ம ரூமுக்குக் கொண்டு வருவோம். 28-ம் தேதி. ரூம்மேட் அக்கவுன்ட்ல ஈஎம்ஐக்கு 3,000 குறையுது. நாலு நாளைக்குக் கொடுக்கிறீங்க. உங்களுக்கு அதனால ஏற்படும் சிரமம் 100 ரூபாய்னு வைங்க. அவருக்கு மிச்சமாகும் பவுன்ஸ் சார்ஜ் 500. நூறை ஐந்நூறால் வகுத்தால் 20 சதவீதம். அவர் இன்னொரு நாள் உங்களுக்கு உதவுற அளவுக்குக் கூட இருப்பார் என்கிற வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல இருந்தாலே போதும். அதனாலதான் மூணு மாசப் பழக்கத்துலயே ரூம்ல கைமாத்து தாராளமா நடக்குது.

இப்போ சீட்டுக்கு வாங்க. முதல் மாசம் எடுத்தவர் கட்ட வேண்டிய செலவு 95,000. அவர் ஒழுங்கா கட்டுறதால மத்தவங்களுக்குக் கிடைக்கிற பலன் 95,000-ஐ விடக் கொஞ்சம்தான் அதிகம். மொத்தமா ஒரு தொகை கையில வர்ற வசதியையும் சேர்த்து 1,10,000-னு வைங்க. வகுத்தா 86 சதவீதம். இது துல்லியக் கணக்கு இல்லை, விஷயம் எந்தப் பக்கம் போகுதுன்னு காட்டத்தான். கைமாத்துக்கு 20 சதவீத உறவு போதும். சீட்டுக்கு 86 சதவீத உறவு வேணும். ஷிஃப்ட் மாத்திக் கொடுத்த நண்பர் சீட்டுல ஏன் நின்னுட்டார்னு இப்போ புரியுதா? சின்ன உதவிக்குத் தாங்கின உறவு பெரிய தொகைக்குத் தாங்கலை.

சிப்காட்ல இந்த எண் ஏன் குறையுது?

காலையில் பொன்னேரி ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நிக்கிற கூட்டத்தைப் பாருங்க. தென் மாவட்டத்துப் பசங்க, ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்துப் பசங்க, மீஞ்சூர், கவரைப்பேட்டை உள்ளூர்ப் பசங்க. இதுல அடுத்த வருஷம் இதே நாள் இதே கம்பெனியில எத்தனை பேர் இருப்பாங்க? கான்ட்ராக்ட் முடியும், கான்ட்ராக்டர் மாறுவார், ஆர்டர் குறையும், 2,000 ரூபாய் கூடக் கொடுக்கிற இடம் கிடைக்கும்.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். இது வெளியூர்க்காரன், வடநாட்டுக்காரன் பிரச்சினை கிடையாது. என் சீட்டுல நின்னவங்க ரெண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரங்கதான். இடம் மாறுறது யாரோட குணத்துலயும் குறை இல்லை. இன்னைக்கு நீங்க மாறலைன்னா நாளைக்கு மாறப் போறீங்க. பிரச்சினை என்னன்னா, 20 மாசச் சீட்டுக்கு 20 மாசம் கூட இருக்கிற உறவு வேணும். அந்த இடத்துல அந்த உறவு கிடைக்கிறது கஷ்டம்.

கேள்வி 2: அவரைப் பத்தி யாருக்குத் தெரியும்?

மறுபடி சந்திக்கவே மாட்டோம்னா கதை முடிஞ்சதா? இல்லை. 1998-ல அதே நோவாக்கும் கார்ல் சிக்மண்ட் என்ற கணித அறிஞரும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க வெச்ச ஆட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் திரும்பச் சந்திக்கும் வாய்ப்பு கிட்டத்தட்டக் கிடையாது. ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. உதவினா ஒண்ணு கூடும், மறுத்தா ஒண்ணு குறையும். நான் உங்களுக்கு உதவலாமான்னு உங்க மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு பண்றேன். இப்படி ஆடினா அந்நியர்களுக்குள்ளேயும் ஒத்துழைப்பு நிலைக்குதுன்னு காட்டினாங்க. நான் உங்களுக்குச் செய்றேன், எனக்கு வேற யாரோ செய்வாங்க. அந்த வேற யாரோவுக்கு என் பேர் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

இங்கேயும் வாய்ப்பாடு அதேதான். மறுபடி சந்திக்கும் வாய்ப்புக்குப் பதிலா, எதிராளியின் பேர் எப்படின்னு நமக்குத் தெரிய வரும் வாய்ப்பு. அம்மா தெருவுல இந்த வாய்ப்பு கிட்டத்தட்ட 100. யார் சீட்டுல நின்னாங்கன்னு மறுநாள் காலையில பால் வாங்குற இடத்துல தெரிஞ்சிடும். அப்புறம் அந்த வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வரைக்கும் அந்தப் பேச்சு வரும். 5,000 ரூபாய்க்காக யாரும் அதை இழக்க மாட்டாங்க.

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒருத்தர் கம்பெனி மாறுறப்போ மறுபடி சந்திக்கும் வாய்ப்பும் குறையுது, அவர் பேர் புது இடத்துல யாருக்கும் தெரியாததால பழைய கணக்கும் அழிஞ்சு போகுது. ஸ்வீடனைச் சேர்ந்த மாக்னஸ் என்குவிஸ்ட், ஓலோஃப் லெய்மார் ரெண்டு பேரும் 1993-ல இதைத்தான் ஆராய்ந்தாங்க. உயிர்கள் தாராளமா இடம் மாறக் கூடிய உலகத்துல, ஏமாத்திட்டு அடுத்த ஆளைத் தேடிப் போறவனுக்கு வசதி அதிகம். அவனைக் கட்டுப்படுத்துறது ரெண்டு விஷயம். ஒண்ணு, புது ஆள்கிட்ட முதல்ல கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கிறது. இன்னொண்ணு, ஒருத்தரைப் பத்தி மத்தவங்ககிட்ட சொல்லி வைக்கிறது. அதாவது நாம வம்புன்னு சொல்றோமே, அதுதான்!

20 கிலோமீட்டர்ல ஒரு உதாரணம்

பொன்னேரியில இருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனா பழவேற்காடு. லீவு நாள்ல இறால் சாப்பிடப் போயிருப்பீங்க. அங்கே ஏரியில மீன் பிடிக்கிறதுக்கு பாடுன்னு ஒரு பழைய முறை இருக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற மீனவக் கிராமங்கள்ல இது வழக்கம். ஏரியில எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மீன், இறால் படாது. நல்ல இடத்துக்கு எல்லாரும் ஒரே நாள்ல வலையோட போனா சண்டைதான் வரும். அதனால குலுக்கல் போட்டு, யாருக்கு எப்போ எந்த இடம்னு முறை வெச்சுக்கிறாங்க. இன்னைக்கு நல்ல இடம் உங்களுக்கு, அடுத்த முறை எனக்கு.

கவனிச்சீங்களா? இதுவும் ஒரு குலுக்கல் சீட்டுதான். பணத்துக்குப் பதிலா மீன் பிடிக்கிற உரிமை சுத்தி வருது. இது ஏன் தலைமுறை தலைமுறையா நிக்குது? நாளைக்கும் அதே ஏரி, அதே ஆளுங்க. முறை மீறினா ஊர்ப் பஞ்சாயத்துல நிக்கணும், ஊருக்கே தெரியும். நம்ம ரெண்டு கேள்விக்குமே பதில் ஆமாம்.

ஆனா இதுக்கு ஒரு விலையும் இருக்கு. உரிமை அந்தந்தக் கிராமத்து உறுப்பினர்களுக்கு மட்டும்தான். வெளியில இருந்து வர்றவருக்கும், ஏரியைச் சுத்தி இருக்கிற மத்தவங்களுக்கும் அதுல இடம் கிடையாது. அதை வெச்சுத் தகராறுகளும் வந்திருக்கு. கதவைச் சாத்தி வெச்சு நம்பிக்கையைக் காப்பாத்துற முறை இது. வேலைக்காக ஊர் ஊரா போற நமக்கு இது உதவாது. நமக்கு வேண்டியது, நாம போற இடத்துக்கெல்லாம் கூடவே வர்ற பேர்.

ஊர் மாறினாலும் பேர் மாறாம இருக்க முடியுமா?

முடியும்னு காட்டினவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. 19-ம் நூற்றாண்டிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செட்டிநாட்டு நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயான்னு கடல் தாண்டிப் போய் வட்டித் தொழில் நடத்தினாங்க. முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். ரங்கூன்ல கிட்டங்கியை நடத்துறது அவர் அனுப்பின ஏஜென்ட். பொதுவா மூணு வருஷக் கணக்கு. கையில லட்சக்கணக்கில் பணம், மேற்பார்வைக்கு ஆள் இல்லை, நடுவுல வங்காள விரிகுடா. ஏமாத்த இதை விட வசதி வேணுமா?

இருந்தும் தொழில் நடந்தது. ஏன்னா போனவர் தனியாளாப் போகலை. குடும்பம் ஊர்ல இருந்தது. அவர் சார்ந்த நகரக் கோயில் ஊர்ல இருந்தது. ஒன்பது கோயில்களில் ஏதாவது ஒண்ணைச் சேர்ந்தவராத்தான் ஒவ்வொரு நகரத்தாரும் இருப்பார். கல்யாணமே அந்தக் கோயில் மாலை வந்துதான் நடக்கணும். பெட்டியடிப் பையனா சேர்ந்து, கணக்குக் கத்து, படிப்படியா மேல வந்தவருக்குத்தான் கிட்டங்கி கையில கிடைக்கும். ஒவ்வொரு கடைக்கும் முதலெழுத்துகளால் ஆன ஒரு பேர் உண்டு. அதுக்கு விலாசம்னு சொல்லுவாங்க. அந்த விலாசத்துக்கு ஒரு இடத்துல கெட்ட பேர் வந்தா கொழும்பிலும் பினாங்கிலும் தெரியும். ஆள் இடம் மாறினாலும் கணக்கு அழியலை.

சரி, நமக்கு விலாசமும் இல்லை, நகரக் கோயிலும் இல்லை. நமக்கு என்ன இருக்கு?

உங்க பான் கார்டோட ஒட்டி வர்ற பேர்

சிபில்! 2000-ல தொடங்கின நிறுவனம். இன்னைக்கு இந்தியாவில் இந்த மாதிரி நாலு நிறுவனம் இருக்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2005-ம் வருஷச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி மேற்பார்வையில் இயங்குறாங்க. சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. நோவாக்கும் சிக்மண்டும் 1998-ல கம்ப்யூட்டர்ல ஆடின ஆட்டத்தை நாடு முழுக்க நடத்துற மாதிரிதான் இது. கும்மிடிப்பூண்டியில கட்டாம விட்ட பைக் ஈஎம்ஐ, ஓசூர்ல புது கம்பெனியில சேர்ந்து வீட்டுக் கடன் கேட்கிறப்போ முன்னாடி வந்து நிக்கும். நல்லா கட்டினதும் அதே மாதிரி கூட வரும். ரூம், கம்பெனி, மாநிலம் எது மாறினாலும் மாறாது.

ஆனா மதிப்பெண்ணுக்கு ஒரு குறை உண்டு. அதை நோவாக், சிக்மண்ட் ஆட்டத்தை விமர்சிச்சவங்களும் சொன்னாங்க. ஒருத்தர் உதவ மறுத்தார்னா, ஏன் மறுத்தார்னு மதிப்பெண்ணுக்குத் தெரியாது. ஏமாத்துக்காரனுக்கு உதவ மறுத்த நல்லவருக்கும் மதிப்பெண் குறையும். சிபிலும் அப்படித்தான். அப்பா ஆஸ்பத்திரியில இருந்ததால ஈஎம்ஐ தவறிச்சா, சோம்பேறித்தனத்துல தவறிச்சான்னு ரிப்போர்ட்டுக்குத் தெரியாது. தாமதம் எத்தனை நாள்னு மட்டும்தான் பதிவாகும். கம்பெனி சம்பளம் லேட்டாப் போட்டாலும் அடி உங்களுக்குத்தான்.

இன்னொண்ணு. சீட்டுல 20 மாசம் ஒழுங்கா கட்டினது சிபில்ல வராது. சீட்டுல நின்னவர் பேரும் அங்கே வராது. அதனால கம்பெனி சீட்டுக்கு சிபில் காவல் இல்லை. அந்த இடம் காலியாத்தான் இருக்கு.

அந்தக் காலி இடத்துல சட்டம் என்ன செய்யுது?

1982-ம் வருஷச் சீட்டு நிதிகள் சட்டம் அதுக்குத்தான் இருக்கு. முன் அனுமதியும் பதிவும் இல்லாம சீட்டு தொடங்கக் கூடாது. சீட்டு நடத்துறவர் பதிவாளர்கிட்ட பிணைத்தொகை கட்டணும். உறுப்பினர்களோட எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்கணும். சீட்டு எடுத்தவர் பாக்கித் தவணைக்கு ஜாமீன் கொடுக்கணும். தகராறு வந்தா பதிவாளர்கிட்ட முறையிடலாம். நடத்துறவர் கமிஷன் முன்னாடி 5 சதவீதம், 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதிகபட்சம் 7 சதவீதம்.

கமிஷன் எதுக்குன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. மறுபடி சந்திப்போமா, அவர் பேர் தெரியுமா என்கிற ரெண்டு கேள்விக்கும் இல்லைன்னு பதில் வர்ற ஆளுங்களோடயும் சேர்ந்து சேமிக்க முடியுது பாருங்க, அதுக்கான விலை அது. பிணையும் ஜாமீனும் அந்த ரெண்டு கேள்வியோட வேலையைச் செய்யுது. ஆபீஸ்ல வாட்ஸ்அப் குரூப்ல நடக்கிற சீட்டுல கமிஷன் இல்லை. அந்தப் பாதுகாப்பும் இல்லை.

அப்போ இடம் மாறுறதே தப்பா?

இல்லவே இல்லை! இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 2009-ல சுவிட்சர்லாந்தில் டிர்க் ஹெல்பிங், வென்ஜியன் யூ ரெண்டு பேரும் ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க. கட்டம் கட்டமா ஒரு பலகை, அதுல ஆட்டக்காரர்கள், சில கட்டம் காலி. பக்கத்துல நல்லா ஆடுறவரைப் பார்த்துக் காப்பியடிக்கிறது மட்டும்தான் விதின்னு வெச்சு, நடுநடுவே தற்செயலான தப்புகளும் நடக்க விட்டா, ஒத்துழைப்பு செத்துப் போச்சு. ஆனா கூடவே இன்னொரு விதியைச் சேர்த்தாங்க. சுத்தி இருக்கிற காலி இடங்களைப் பார்த்து, எங்கே போனா நல்லா இருக்கும்னு யோசிச்சு நகரலாம். அப்போ எல்லாரும் ஏமாத்துறவங்களா ஆரம்பிச்ச பலகையிலேயும் ஒத்துழைக்கிறவங்க கொத்துக் கொத்தாச் சேர்ந்து பெருகினாங்க.

ஆக, இடப்பெயர்ச்சி ஒத்துழைப்பைக் கெடுக்கவும் செய்யும், வளர்க்கவும் செய்யும். கணக்கை அழிச்சுட்டு ஓடுறதுக்கான நகர்வு கெடுக்கும். நல்லவங்க இருக்கிற இடத்தைத் தேடிப் போற நகர்வு வளர்க்கும். மாசா மாசம் வாடகைப் பங்கை ஒருத்தர் தலையில கட்டுற ரூமை விட்டு, ஒழுங்கா பிரிச்சுக் கொடுக்கிற ரூமுக்குப் போங்க. அது சுயநலம் இல்லை. நல்ல ரூம் நிலைக்கிறதே அப்படித்தான்.

சரி, என்ன செய்யலாம்?

1. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ரெண்டு கேள்வி கேளுங்க. சீட்டு முடியுற மாசம் வரைக்கும் இவர் இங்கே இருப்பாரா? நின்னுட்டா, அவருக்கு முக்கியமானவங்க யாருக்காவது அது தெரிய வருமா? ரெண்டுக்கும் இல்லைன்னு பதில் வர்ற ஆளுங்க நாலஞ்சு பேர் இருந்தா அந்தச் சீட்டு வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்ல 20 பேர் இருக்கிறது உறவு ஆகாது.

2. சீட்டுதான் வேணும்னா பதிவு செஞ்ச சீட்டுக்குப் போங்க. பதிவு விவரத்தையும் ஒப்பந்த நகலையும் கேட்டு வாங்குங்க. தயங்கினா எழுந்து வந்துடுங்க.

3. சேமிக்கிறதுதான் நோக்கம்னா ஆர்டி போதும். அங்கே 19 பேரை நம்ப வேண்டியதில்லை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரைக்கும் காப்பீடும் உண்டு. சீட்டோட உண்மையான பலன் சீக்கிரம் எடுக்கிறவருக்குத்தான். கடைசியா எடுக்கப் போறவர் வட்டியில்லாம கடன் கொடுக்கிறவர் மாதிரிதான்.

4. நெருங்கிய நண்பர்கள் நாலஞ்சு பேர் சேர்ந்து மாசாமாசம் ஒரு தொகை எடுத்து வெச்சு, பெரிய செலவுக்கு முறை வெச்சுக்கிற பழக்கம் இருந்தா, குலுக்கல் போடாதீங்க. யார் வேலை மாறுற வாய்ப்பு அதிகமோ அவர் முறை கடைசியில வரட்டும். பாக்கி இல்லாதவருக்கு ஓடுற சபலமும் இல்லை. தொகை, முழுசாப் போனாலும் நீங்க தாங்கிக்கிற அளவுக்குள்ளதான் இருக்கணும்.

5. வருஷத்துக்கு ஒரு தடவை உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. நாலு நிறுவனமும் ஆளுக்கு ஒரு முழு ரிப்போர்ட் வருஷத்துக்கு இலவசமாத் தரணும். கடன் முடிஞ்சதும் என்ஓசி வாங்கி வைங்க. தப்பு இருந்தா உடனே புகார் போடுங்க.

6. நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி யோசிங்க. அந்தக் கடன் உங்க ரிப்போர்ட்டிலும் வரும். அவர் ஊர் மாறிப் போயிடலாம். உங்க பேர் உங்களோடதான் இருக்கும்.

7. நீங்க வேலை மாறுறப்போ கணக்கை முடிச்சுட்டுப் போங்க. கைமாத்து, மெஸ் பாக்கி, ரூம் அட்வான்ஸ் எல்லாமே. முடிக்க முடியலைன்னா எந்தத் தேதியில தருவேன்னு சொல்லிட்டு, அந்தத் தேதியில அனுப்புங்க. பழைய கம்பெனி ஆள் ஒருத்தர் புது கம்பெனியில உங்களுக்கு முன்னாடியே உட்கார்ந்திருப்பார். சிப்காட் நீங்க நினைக்கிற அளவுக்குப் பெரிசு இல்லை!

கடைசியா, கேள்வி கேட்ட தம்பிக்கு. 20 பேர், 20 மாசம், 5,000. உன் ஷிஃப்ட்ல எத்தனை பேர் போன வருஷமும் இதே ஷிஃப்ட்ல இருந்தாங்கன்னு எண்ணிப் பாரு. பாதிக்கும் கீழேன்னா, "நல்ல பசங்கதான், ஆனா நான் வரலை"ன்னு சொல்லிடு. கோபப்பட மாட்டாங்க. அந்த 5,000-ஐ ஆர்டியில போடு. அவசரத்துக்கு யாராவது 3,000 கைமாத்து கேட்டா யோசிக்காம கொடு. அந்த உறவு அதுக்குத் தாங்கும்.

எனக்கு 18,000 வர வேண்டியிருந்ததே, அதுல ஒரு பின்கதை இருக்கு. ரெண்டாவது மாசம் எடுத்துட்டுப் போனவர் மூணு வருஷம் கழிச்சு ஒரு நாள் போன் பண்ணினார். வீட்டுக்கடன் போட்டிருக்காராம், நான் வேலை பார்த்த இடத்துல யாராவது அவரைப் பத்தி விசாரிச்சா நல்லபடியா சொல்லணுமாம். சீட்டுக் கணக்கை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அடுத்த மாசத்திலிருந்து மாசம் 1,000-மா 6 மாசம் அனுப்பினார். பேர் வேணும்னு வர்றப்போதான் பழைய கணக்கு ஞாபகத்துக்கு வருது.

உங்க கம்பெனி சீட்டு அனுபவம் நல்லதோ கெட்டதோ, கமென்ட்ல எழுதுங்க. கம்பெனி பேர், ஆள் பேர் வேண்டாம். எத்தனை பேர், எத்தனை மாசம், எங்கே உடைஞ்சதுன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பதிவு செஞ்ச சீட்டுல ஏலம் எப்படி நடக்குது, எவ்வளவு தள்ளி எடுத்தா நஷ்டமில்லைன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.